பதினைந்தாவது கல்

ஜப்பானின் க்யோட்டோ நகரில் ரியோவான்ஜி என்றொரு ஜென் கோயில். அங்கே போகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு மரத் திண்ணையில் உட்கார்ந்ததும் செய்கிற முதல் வேலை, எதிரே இருக்கும் கற்களை எண்ணுவதுதான். 14 வரும். கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து எண்ணினாலும் 14தான். ஒளிந்திருந்த கல் தலை காட்டியிருக்கும், அதற்குள் வேறொன்று மறைந்திருக்கும். தோட்டத்தில் இருப்பவை மொத்தம் 15.

தோட்டம் என்கிறோமே தவிர, மரமில்லை, பூவில்லை, குளமில்லை. நீளம் சுமார் 25 மீட்டர், அகலம் 10 மீட்டர். நம்மூர்க் கணக்கில் ஆறு சென்ட் மனை. அது முழுக்க வெள்ளைச் சரளை. அதில் வாருகோலால் இழுத்த கோடுகள் நேராக ஓடி, கற்களை நெருங்கும்போது வட்டமாகச் சுற்றிக்கொள்கின்றன. கற்களின் அடியில் ஒட்டியிருக்கும் பாசி மட்டுமே பச்சை. பின்னால் மரக் கூரை வேய்ந்த தாழ்ந்த மண் சுவர். எண்ணெய் கலந்த மண் என்பதால், கசிந்து கசிந்து சுவரே ஓர் ஓவியம்போலக் கறை படிந்திருக்கிறது.

திண்ணையிலிருந்து பார்த்தால், இடமிருந்து வலமாகக் கற்கள் ஐந்து கூட்டமாக நிற்கின்றன: 5, 2, 3, 2, 3. எதுவும் எதற்கும் ஜோடி இல்லை. ஒன்று உயரம், ஒன்று மண்ணோடு மண்ணாகப் படுத்திருக்கிறது. இடப்பக்கக் கூட்டம் கனமானது, ஆனாலும் தோட்டம் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டதாகத் தோன்றுவதில்லை. வலப்பக்கத்தில் விட்ட வெற்றிடம் தராசின் மறுதட்டாக நின்று அதைத் தாங்குகிறது. நம் பூங்காக்களில் இப்படிக் காலி இடம் கண்ணில் பட்டால் அங்கே ஒரு சிமென்ட் கொக்கை நிறுத்தினால்தான் ஒப்பந்தக்காரருக்குத் தூக்கம் வரும்.

இந்தக் கற்களுக்கு விளக்கம் சொல்லாதவர் இல்லை. கடலில் தீவுகள் என்பார்கள், மேகத்துக்கு மேல் தெரியும் மலை முகடுகள் என்பார்கள், குட்டிகளோடு ஆற்றைக் கடக்கும் தாய்ப்புலி என்பார்கள். 2002இல் கெர்ட் வான் டோண்டர், மைக்கேல் லயன்ஸ், யோஷிமிச்சி எஜிமா ஆகிய மூன்று ஆய்வாளர்கள் 'நேச்சர்' அறிவியல் இதழில் எழுதிய கட்டுரை இந்த வழியில் போகவில்லை. கற்களை விட்டுவிட்டு, அவற்றுக்கு இடையிலுள்ள வெற்றிடத்துக்கு என்ன வடிவம் என்று கேட்டது.

வெற்றிடத்துக்கு வடிவம் கண்டுபிடிப்பது எப்படி? செவ்வகமான ஒரு வயல், முழுக்கக் காய்ந்த புல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு வரப்பிலும் ஒரே நொடியில் தீ வைக்கிறோம். நான்கு பக்கத் தீயும் ஒரே வேகத்தில் உள்ளே வருகிறது. தீயும் தீயும் முட்டி அணையும் இடங்களைக் கோடாக இழுத்தால், வயலின் நடுவே நீளமாக ஒரு கோடும், அதன் இரு முனைகளிலிருந்து நான்கு மூலைகளுக்கும் ஓடும் கிளைகளும் கிடைக்கும். அதுதான் அந்த வடிவத்தின் எலும்புக்கூடு. ஆய்வாளர் ஹாரி பிளம் 1960களில் தந்த கணக்கு இது. பெயர் 'மைய அச்சு'. நம் பார்வையும் வடிவங்களைப் புரிந்துகொள்ள இதுபோன்ற ஒன்றைப் பயன்படுத்துவதாகச் சோதனைகள் சுட்டுகின்றன.

இதே தீயை ரியோவான்ஜியின் கற்கூட்டங்களைச் சுற்றி மூட்டிப் பார்த்தார்கள், கணினியில்தான். கிடைத்தது ஒரு மரம். அடிமரம் ஒன்று, அது கிளையாகப் பிரிந்து, கிளை சிறுகிளையாகப் பிரிந்து கற்களுக்கு நடுவே படர்கிறது. அடிமரத்தைத் திண்ணைப் பக்கமாக நீட்டினால், தோட்டத்தைப் பார்ப்பதற்கென்று மரபாக வைத்திருந்த மண்டபத்தின் நடு இடத்தில் போய் நிற்கிறது. கணினியிலேயே கற்கூட்டங்களை இஷ்டத்துக்கு இடம் மாற்றினால் மரம் சிதைந்துபோகிறது.

எனக்கு இதில் ஓர் இடறல் உண்டு. அந்த மரம் மேலிருந்து பார்க்கும் வரைபடத்தில் இருப்பது. திண்ணையில் உட்கார்ந்தவருக்குத் தோட்டம் சாய்வாக, கற்கள் ஒன்றையொன்று மறைத்தபடிதான் தெரியும். தெரியாத மரத்தைக் கண் எப்படி உணரும்? அதை முழுதாக நம்பத் தயங்குகிறேன். ஆனால் வெற்றிடத்தையும் கல்லைப் போலவே அளந்து வைக்க முடியும் என்பதை அந்தப் படம் பார்த்த பிறகு மறுக்க முடியவில்லை. அமைத்தவர்களிடம் கணக்குச் சூத்திரம் இருந்திருக்காது. கல்லை நகர்த்தி, திண்ணைக்கு வந்து உட்கார்ந்து பார்த்து, சரியில்லை என்று மறுபடி போய் நகர்த்தியிருப்பார்கள்.

அவர்கள் யார் என்பதில் இன்றும் சண்டை ஓயவில்லை. 1450இல் கோயிலை நிறுவியவர் ஹொசொகவா கட்சுமொட்டோ. அது போரில் எரிந்து மறுபடி எழுந்தது. தோட்டத்தை அமைத்தவர்களாகப் பல பெரிய பெயர்களைச் சொல்கிறார்கள். ஒரு கல்லில் மட்டும் இரண்டு பெயர்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. கல் சுமந்து நட்ட தொழிலாளிகளுடைய பெயர்களாக இருக்கலாம் என்கிறார்கள். செதுக்கியிருப்பது கல்லின் முதுகில், சுவரைப் பார்த்த பக்கம். திண்ணையில் எங்கே உட்கார்ந்தாலும் அது தெரியாது.