முத்து நகரில் ஒரு பகல்

கொழும்புத் தமிழனுக்குத் தூத்துக்குடி அயலூர் அன்று. கொட்டாஞ்சேனையில் வாழும் பரதர் பலரின் முன்னோர் அக்கரையினின்று வந்தோரே. வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-ஆம் ஆண்டு நிறுவிய சுதேசிக் கப்பற் கம்பனியின் கலங்கள் ஓடியதும் இவ்விரு துறைகளுக்கும் இடையேதான். 2011-இல் மீண்டும் தொடங்கிய பயணிகள் கப்பல் சில மாதங்களிலேயே நின்றுபோயிற்று. ஆதலின் யான் மதுரைவரை விமானத்திற் சென்று, திருச்செந்தூர் போகும் வழியில், தன்னந்தனியனாய் அந்நகரில் ஒரு பகல் தங்கினேன்.

கொற்கை முத்தை முப்பது ஆண்டுகளாக மாணவர்க்குப் படிப்பித்தவன், புன்னையும் தாழையும் பொலிந்த நெய்தலை எதிர்பார்த்துச் செல்லுதல் இயல்பன்றோ? கண்டது வேறு. அனல் மின்நிலையத்தின் புகைபோக்கிகள், உரத் தொழிற்சாலை, நிலக்கரி மேடுகள். அவற்றிற்கு அப்பால் கண்ணுக்கெட்டிய மட்டும் மரமற்ற வெளி. முத்துக்குளிப்பு 1961-உடன் ஓய்ந்துவிட்டது. கொற்கையோ, தாமிரபரணி கொணர்ந்த வண்டலாற் கடலை இழந்து, உள்நாட்டுச் சிற்றூராய்க் கிடக்கின்றது.

முல்லையும் குறிஞ்சியும் வேனிலால் வளங்கெட்டுப் பாலையாகும் என்பது இளங்கோவடிகள் கொள்கை. நெய்தல் பாலையாதற்கு அவர் விதி கூறவில்லை. (திருச்செந்தூர்ப் பக்கத்துச் செம்மணல் தேரிகளைக் கண்டிருப்பின் என்ன கூறியிருப்பாரோ!)

ஆயினும் அவ்வறட்சியே அவ்வூர்க்குச் சோறிடுகின்றது. தென்மேற்குப் பருவமழையை மலைத்தொடர் மறித்துவிடுகின்றது. காய்கின்ற வெயிலே உப்புக்கு உயிர். இந்தியாவில் குசராத்திற்கு அடுத்தபடி உப்பு மிக விளைவது தமிழ்நாட்டில். அதிற் பெரும்பகுதி இம்மாவட்டத்தது. உவர்நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றி வற்றவிட்டு, அடியிற் படிந்ததை நீண்ட கோற்பலகையால் வாரிக் குவிக்கின்றார்கள். சுமப்போரிற் பலர் பெண்கள். அவ்வெண்மையைச் சிறிது நேரம் நோக்கினாலே கண் கூசி நீர் வடிகின்றது. அவர்களோ விடியலிலிருந்து அதனுள் நிற்கின்றார்கள். சங்கப் பாடல்களில் வரும் உமணரின் வண்டியையும் எருதையும் வகுப்பில் விரித்துரைக்கும் நாம், உப்பை விளைத்தவரிடம் வந்ததும் ஒரு வரியிற் கடந்துவிடுகின்றோம்.

வரப்பில் இளைப்பாறிய ஒரு மூதாட்டியை, "அம்மா, இங்கே இப்போது முத்து எடுப்பதில்லையா?" என்று வினவினேன்.

"முத்தா? அதைக் கடையில போய்ப் பாருங்க ஐயா. எங்களுக்கு இதுதான்" என்று உள்ளங்கையை விரித்தார். உவர்நீர் தின்ற வெடிப்புகள் வெளுத்துக் கிடந்தன.

ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கினால் மார்கழிவரை உப்பளத்தில் வேலையுமில்லை, கூலியுமில்லை. அம்மாதங்களுக்கென 5,000 ரூபாய் உதவித்தொகையைத் தமிழ்நாட்டரசு வழங்கத் தொடங்கியது 2022-இலேதான்.