பள்ளிக்கூடம் திறக்க இன்னும் மூன்று வாரம்: இப்பவே தயாராவோம்!



கத்திரி வெயில் குறைய ஆரம்பித்ததும் நம்ம வீட்டுல இன்னொரு சூடு ஏற ஆரம்பிக்கும். அதுதான் பள்ளிக்கூடச் செலவு. நோட்டு, பை, செருப்பு, தையல் கூலி என்று எல்லாம் ஒரே வாரத்தில் வந்து நிற்கும். கையில் பணம் இருக்காது. "எங்கேயாவது வாங்கிக் குடுத்துடலாம்" என்று வாசலுக்கே வந்து கொடுக்கிற வட்டிக்காரரிடம் கை நீட்டுகிறோம். சில வீடுகளில் இன்னும் மோசம். "இந்த வருஷம் பெரியவ வீட்டுல இருக்கட்டும், சின்னவன் மட்டும் போகட்டும்" என்று முடிவாகிவிடும். அப்படி ஒரு வருஷம் நின்ற பிள்ளை மறுபடி வகுப்பில் உட்காருவது கஷ்டம்.

ஆகவே, பள்ளி திறக்கிறதுக்கு முந்தின மூன்று வாரத்தை வாரத்துக்கு ஒரு வேலையாகப் பிரித்துக் கொள்வோம்.

முதல் வாரம்: பணக் கணக்கு

நம்ம அரியாங்குப்பம் பகுதியில், வீராம்பட்டினம் மாதிரி கடலோர ஊர்களில் ஒரு கூடுதல் சிக்கல் இருக்கிறது. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மொத்தம் 61 நாள். பள்ளி திறப்பதும் பெரும்பாலும் ஜூன் முதல் பாதியில்தான். அதாவது வருமானம் நின்று போன நேரத்தில்தான் செலவு வருகிறது. இது வருஷா வருஷம் தெரிந்த தேதி. திடீர்ச் செலவு கிடையாது. தெரிந்த செலவுக்கு முன்கூட்டியே வழி செய்யலாம்.

வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து, பிள்ளைகளையே ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். ஒரு பிள்ளைக்கு உதாரணக் கணக்கு:

நோட்டுப் புத்தகங்கள் – ரூ.600
பை – ரூ.500
ஷூ அல்லது செருப்பு – ரூ.600
சீருடைத் தையல் கூலி – ரூ.500
சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில் – ரூ.300
முதல் மாதப் போக்குவரத்து – ரூ.500
மொத்தம் – ரூ.3,000

இப்போது வீட்டில் இருப்பதை எடுத்துப் பாருங்கள். போன வருஷத்துப் பையைத் துவைத்து, அறுந்த வாரைத் தைத்தால் இன்னொரு வருஷம் ஓடும். பழைய நோட்டில் எழுதாத பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துத் தைத்தால் கணக்குப் போட்டுப் பார்க்க ஒரு நோட்டு கிடைக்கும். பாவாடை, பேண்ட்டின் மடிப்பைப் பிரித்து இறக்கி விடலாம். அரசுப் பள்ளியில் புத்தகம், சீருடை என்ன கிடைக்கும் என்று முதலில் கேட்டு விட்டு, மிச்சத்தை மட்டும் வாங்குங்கள். குழுவில் பத்துப் பேர் சேர்ந்து பாண்டியில் மொத்த விலைக் கடையில் நோட்டு வாங்கினால் விலையும் குறையும், பஸ் செலவும் ஒருத்தருக்கு மட்டும்தான்.

அப்படியும் ரூ.3,000 தேவைப்படுகிறது என்று வைத்துக் கொள்வோம். எங்கே வாங்குவது? இந்தக் கணக்கைப் பாருங்கள்.

வெளியில் நூற்றுக்குப் பத்து ரூபாய் வட்டி என்றால், மாதம் ரூ.300 வட்டி. ஆறு மாதத்தில் வட்டி மட்டும் ரூ.1,800 கட்டியிருப்போம். அசல் ரூ.3,000 அப்படியே நிற்கும்.

குழுவில் உள்கடனாக நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டியில் வாங்கி, மாதம் ரூ.500 அசல் கட்டினால், வட்டி முதல் மாதம் ரூ.60, அடுத்து 50, 40, 30, 20, 10. ஆக மொத்தம் ரூ.210. ஆறு மாதத்தில் கடனே முடிந்தது. அந்த வட்டியும் நம்ம குழுவிலேயே இருக்கும்.

அதனால் மே மாதக் கூட்டத்தில் "இந்த மாதம் உள்கடனில் பள்ளிச் செலவுக்கே முன்னுரிமை" என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கொள்ளுங்கள். மீனவக் குடும்பத்துத் தோழிகளுக்கு முதல் தவணையை ஜூலையில் வைத்துக் கொடுக்கலாம். கடலுக்குப் போக ஆரம்பித்த பிறகு கட்டுவது சுலபம்.

அடுத்த வருஷத்துக்கு இன்னொரு வழி: பள்ளி திறந்த வாரத்திலிருந்தே வாரம் ரூ.60 தனியாக எடுத்து வைத்தால், ஐம்பது வாரத்தில் ரூ.3,000 சேர்ந்து விடும். கடனே வேண்டாம்.

இரண்டாம் வாரம்: தாள்களும் உடம்பும்

பிறப்புச் சான்றிதழ், ஆதார், குடும்ப அட்டை, சாதி, இருப்பிட, வருமானச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், பிள்ளையின் வங்கிப் புத்தகம். இவை எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு நகல் எடுத்து வையுங்கள். தாசில்தார் ஆபீசில் ஜூன் மாதம் கூட்டம் அதிகமாக இருக்கும். மே மாதமே விண்ணப்பம் போட்டு விடுங்கள்.

"டி.சி. இல்லாம சேர்க்க மாட்டாங்களாம்" என்று சொல்லிக் கொண்டு பிள்ளையை வீட்டில் வைத்திருக்க வேண்டாம். 2010 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின்படி 6 வயது முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைக்கு இலவசக் கட்டாயக் கல்வி உண்டு. மாற்றுச் சான்றிதழ் தாமதமாகிறது என்றோ, வயதுச் சான்று இல்லை என்றோ சேர்க்கையை மறுக்கக் கூடாது. தாளைப் பிறகு கொடுக்கலாம், பிள்ளை முதலில் வகுப்பில் உட்காரட்டும்.

அடுத்தது உடம்பு. 5, 6 வயதில் ஒரு முத்தடுப்பு ஊசி, 10 வயதில் ஒன்று, 16 வயதில் ஒன்று என்று அரசு அட்டவணையில் தடுப்பூசி இருக்கிறது. விட்டுப் போயிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் போடுவார்கள். போர்டு சரியாகத் தெரியவில்லை என்று பிள்ளை தானாகச் சொல்லாது. தூரத்தில் இருக்கிற பஸ் நம்பரைப் படிக்கச் சொல்லிப் பாருங்கள். கண்ணைச் சுருக்கினால் கண் டாக்டரிடம் காட்டி விடுங்கள். பேன், சொறி, பல் சொத்தை இருந்தாலும் இப்பவே பார்த்து விட்டால் ஜூனில் லீவு போட வேண்டாம்.

பை கனமும் உடம்பு விஷயம்தான். பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பையின் கனம் போகக் கூடாது என்று 2020-ல் மத்திய அரசு வெளியிட்ட பள்ளிப் பைக் கொள்கை சொல்கிறது. 20 கிலோ இருக்கிற பிள்ளைக்கு 2 கிலோ.

மூன்றாம் வாரம்: தூக்கம், பழக்கம், குடும்பம்

லீவுல ராத்திரி 11 மணி வரை டி.வி., செல்போன், காலையில் 8 மணிக்கு எழுந்திருப்பது என்று பழகியிருக்கும். பள்ளி திறக்கும் அன்றைக்குத் திடீரென்று 6 மணிக்கு எழுப்பினால் அழுகைதான். இரண்டு நாளைக்கு ஒரு தடவை கால் மணி நேரம் முன்னாடி படுக்க வையுங்கள். 6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு 9 மணி நேரமாவது தூக்கம் வேண்டும். பெரிய பிள்ளைகளுக்கு 8 மணி நேரம்.

"எனக்கே படிக்கத் தெரியாது, நான் என்னத்தச் சொல்லிக் குடுக்கறது?" என்று கேட்கிற அம்மாக்கள் நிறையப் பேர். சொல்லிக் கொடுக்க வேண்டாம், கேட்டால் போதும். தினமும் பத்து நிமிஷம் பிள்ளையைச் சத்தமாக வாசிக்கச் சொல்லி நாம் கேட்போம். கடைக்குப் போகும்போது சாமான் பட்டியலைப் பிள்ளை எழுதட்டும், மீதிச் சில்லறையைப் பிள்ளை எண்ணட்டும். குழுப் பாஸ்புக்கைக் கொடுத்து நம்ம சேமிப்பைக் கூட்டச் சொல்லுங்கள். இதுவும் கணக்குப் பாடம்தான். வீட்டு வேலையை ஆண் பிள்ளைக்கும் சேர்த்துப் பிரித்துக் கொடுங்கள். பெண் பிள்ளைக்கும் படிக்க நேரம் கிடைக்கும்.

ஒரு நாள் சாயங்காலம் குடும்பத்தோடு அரிக்கமேட்டுக்குப் போய் வாருங்கள். நம்ம ஆற்றங்கரைதான், டிக்கெட் செலவு வைக்காத சுற்றுலா. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் ரோமாபுரியோடு வாணிபம் நடந்த துறைமுகம் இது. 1937-ல் ழுவோ துப்ரேய் என்ற பிரெஞ்சு அறிஞர் இங்குள்ள பிள்ளைகளிடமிருந்து பழங்கால மணிகளை விலைக்கு வாங்கினார். 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது இத்தாலி நாட்டு மண்பாண்டத் துண்டுகள் கிடைத்தன. கிடைத்த பொருள்களைப் புதுவை அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். வரலாற்றுப் பாடம் எங்கேயோ நடந்த கதை இல்லை, நம்ம ஊர்க் கதை என்று தெரிந்தால் பிள்ளை புத்தகத்தை ஆசையாகத் திறக்கும். வந்ததும் பார்த்ததைப் பத்து வரி எழுதச் சொல்லுங்கள். ஒரே எச்சரிக்கை: ஆற்றிலோ கடலிலோ பிள்ளைகளைத் தனியாக இறங்க விடாதீர்கள்.

குழு செய்ய வேண்டிய வேலை

பிள்ளைகளுக்குப் பள்ளியில் சோறு போடும் திட்டத்தை 1930-லேயே பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் தொடங்கிய மண் நம்ம புதுவை. பசியால் படிப்பு நிற்கக் கூடாது என்று அன்றைக்கே யோசித்தார்கள். பணத்தால் நிற்கக் கூடாது என்று இன்றைக்கு நாம் யோசிப்போம்.

லீவுல துணிக்கடைக்கும் ஒர்க் ஷாப்புக்கும் போன பையன், கையில் காசு பார்த்ததும் பள்ளிக்குத் திரும்ப மாட்டேன் என்பான். 14 வயது முடியாத பிள்ளையை வெளியில் வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம். 10-ம் வகுப்பு முடித்த பெண்ணுக்கு "போதும், மாப்பிள்ளை பார்க்கலாம்" என்று பேச்சு வரும். 18 வயதுக்கு முன் திருமணமும் குற்றம்தான். கட்டாயக் கல்விச் சட்டம் 14 வயதோடு நின்று விடுகிறது. அதற்கு மேல் அந்தப் பெண்ணுக்குக் காவல் அம்மாவும், அம்மாவுக்குத் துணையாக நம்ம குழுவும்தான்.

ஆகவே ஒவ்வொரு குழுவும் இப்படிச் செய்யுங்கள்:

1. மே கடைசிக் கூட்டத்தில் எல்லா உறுப்பினர் வீட்டிலும் 6 முதல் 18 வயது வரை உள்ள பிள்ளைகள் பெயரையும் போக வேண்டிய வகுப்பையும் எழுதுங்கள்.
2. பள்ளி திறந்த பிறகு வரும் முதல் கூட்டத்தில் அந்தப் பட்டியலை வாசித்து வருகை எடுங்கள்.
3. போகாத பிள்ளை இருந்தால் தலைவியும் இரண்டு உறுப்பினரும் அந்த வீட்டுக்குப் போய்க் காரணம் கேளுங்கள். குறை சொல்ல வேண்டாம். பணமா, சான்றிதழா, பயமா என்று தெரிந்து வழி செய்யுங்கள்.
4. குழுவால் முடியாததைக் கூட்டமைப்புக்குக் கொண்டு வாருங்கள். பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1098 என்ற இலவச எண்ணுக்குச் சொல்லுங்கள்.

சந்தா ஒழுங்காக வந்ததா என்று ஒவ்வொரு கூட்டத்திலும் பார்க்கிறோம். அதே அக்கறையோடு பிள்ளைகள் பள்ளிக்கு வந்தார்களா என்றும் பார்ப்போம். இந்த ஜூனில் நம்ம குழுப் பட்டியலில் ஒரு பெயரும் விடுபடக் கூடாது, தோழிகளே!