கல்லீரலைக் காப்பதில் குடல் பாக்டீரியாவுக்கு என்ன பங்கு?

ஹெபடைடிஸ் பி வைரஸ் பெரியவர்களைத் தொற்றினால், 100 பேரில் சுமார் 95 பேர் தாமாகவே அதை விரட்டிவிடுகிறார்கள். பிறந்த குழந்தைகளைத் தொற்றினாலோ 100-க்கு 90 பேரின் கல்லீரலில் நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. ஏன்?

தைவான் ஆய்வாளர்கள் 2015-ல் எலிகளில் ஒரு விடை கண்டார்கள். வளர்ந்த எலிகள் வைரஸை ஒழித்தன. குடலில் பாக்டீரியா இன்னும் நிலைபெறாத இளம் எலிகளால் முடியவில்லை. வளரும் பருவத்தில் ஆன்டிபயாடிக் கொடுத்துக் குடல் பாக்டீரியாவை அழித்தபோது, பெரிய எலிகளும் திணறின. கல்லீரலுக்குப் போகும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு குடல் பக்கமிருந்துதான் வருகிறது. அதோடு சேர்ந்து வரும் பாக்டீரியாத் துணுக்குகள் அங்குள்ள நோயெதிர்ப்புச் செல்களைப் பழக்குகின்றன.

கவலை இங்கேதான் தொடங்குகிறது. ‘கிருமிநாசினி’ சோப்புகளிலும் சில பற்பசைகளிலும் சேர்க்கப்பட்ட டிரைக்ளோசான், பாக்டீரியா கொழுப்பமிலம் தயாரிப்பதை முடக்கும் ரசாயனம். 2003-04ல் அமெரிக்காவில் சோதித்தபோது நான்கில் மூவரின் சிறுநீரில் அது இருந்தது. எலிகளில் அது குடல் பாக்டீரியாவை மாற்றி அழற்சியைக் கூட்டியதை 2018-ல் ஓர் ஆய்வு காட்டியது. மனிதரில் இதனால் கல்லீரல் தொற்று கூடுகிறது என்று நிரூபணமாகவில்லை. ஆனால் சந்தேகத்துக்கு அடிப்படை உண்டு.

சாதாரண சோப்பைவிட மேலானது என்பதற்குச் சான்று இல்லாததால், 2016-ல் அமெரிக்கா கைகழுவும் சோப்புகளில் டிரைக்ளோசானைத் தடைசெய்தது. என்னைக் கேட்டால், சாதாரண சோப்பே போதும். ஹெபடைடிஸ் பி-க்கோ, பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடும் தடுப்பூசி இருக்கிறது.