போனெட்டைத் திறக்கும் முன்

'சுத்தம் சோறு போடும்' என்று தமிழ்ப்பள்ளியில் ஆசிரியர் சொல்லிக் கொடுத்தது உங்களுக்கும் நினைவிருக்கும். ஆனால், மூன்று ஆண்டுகளுக்கு முன் நான் செய்த ஒரு சுத்தம், என் அப்பாவின் ஒருநாள் சம்பளத்தை விழுங்கிவிட்டது.

தீபாவளிக்கு முந்திய வாரம் அது. எங்கள் வீட்டில் இருப்பது ஒரே கார், பழைய கஞ்சில். வெளிப்புறத்தைப் பளபளவெனக் கழுவி முடித்த நான், ஆர்வக் கோளாறில் போனெட்டையும் திறந்தேன். உள்ளே எண்ணெய்ப் பிசுக்கும் புழுதியும் அப்பிக் கிடந்தன. பக்கத்து வீட்டு அங்கிளிடம் அழுத்தப் பம்பை இரவல் வாங்கி, மூலைமுடுக்கு விடாமல் தண்ணீரை அடித்தேன். எஞ்சின் புதிதுபோல் மின்னியது. மறுநாள் விடியற்காலை ஐந்தரை மணிக்கு அப்பா வேலைக்குக் கிளம்பியபோது, கார் உயிர்பெறவே இல்லை. அன்றைய ஷிப்ட் போனது.

பட்டறையிலிருந்து வந்த அண்ணன், டிஸ்டிரிபியூட்டர் மூடியைக் கழற்றிக் காட்டினார். உள்ளே நீர்த்துளிகள். "தம்பி, குளிப்பாட்டுறேன்னு சொல்லி மூழ்கடிச்சிட்டியே!" என்றார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகம் சுட்டது. அந்த அண்ணனிடம் அன்று கேட்டுத் தெரிந்துகொண்டதையும், பிறகு நானே செய்து பார்த்துக் கற்றதையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

எதற்காகச் சுத்தம் செய்ய வேண்டும்?

அழகுக்காக அன்று. கசிவைக் கண்டுபிடிப்பதற்காக. அழுக்குப் படிந்த எஞ்சினில் எண்ணெய் எங்கிருந்து ஒழுகுகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. துடைத்த எஞ்சினில் புதுக் கறை ஒன்று தோன்றினால், அது உடனே கண்ணில் படும். மேலும், மரத்தடியில் நிறுத்தும் கார்களில் காய்ந்த சருகுகள் சேரும். எலி கூடு கட்டும். சூடான புகைபோக்கிக் குழாய்க்கு அருகில் எண்ணெயும் சருகும் சேர்ந்தால் தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு.

தண்ணீரால் என்ன கெடுதல்?

பெட்ரோல் எஞ்சினில், பேட்டரியின் 12 வோல்ட் மின்சாரம் சுருள் ஒன்றின் வழியாக ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயர்த்தப்பட்டு, ஸ்பார்க் பிளக்கில் தீப்பொறியாகிறது. வழியில் ஈரம் இருந்தால், மின்சாரம் பிளக்கிற்குப் போகாமல் ஈரத்தின் வழியே ஓடிவிடுகிறது. தீப்பொறி இல்லையேல் எஞ்சினும் இல்லை. புதிய கார்களில் டிஸ்டிரிபியூட்டர் இல்லை என்பது உண்மைதான். ஆனால், அவற்றில் கணினிப் பெட்டியும் உணர்கருவிகளும் ஏராளமான மின்னிணைப்புகளும் உள்ளன. சாதாரண மழைச்சாரலைத் தாங்கும் ரப்பர் அடைப்புகளைக்கூட அழுத்தப் பம்பின் நீர் துளைத்துக்கொண்டு போய்விடும்.

தொடங்கும் முன்

முதலில் எஞ்சின் நன்றாக ஆறட்டும். ஓட்டி வந்த கையோடு தொடவே கூடாது. கொதிக்கும் இரும்பின்மேல் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விழலாம்; நீராவி நம் கையைச் சுடும். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறப்பது அதைவிட ஆபத்து. சில கார்களில், சாவியை எடுத்த பிறகும் ரேடியேட்டர் விசிறி தானாகச் சுழலும் என்பதையும் மறவாதீர்கள்.

அடுத்து, பேட்டரியைக் கழற்றுங்கள். கழித்தல் குறியுள்ள முனையை முதலில் கழற்ற வேண்டும். காரின் உலோக உடல் முழுதும் அந்த முனையோடுதான் இணைந்துள்ளது. கூட்டல் முனையை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் தவறி உடலைத் தொட்டால், தீப்பொறி பறக்கும். மாட்டும்போது முறை நேர்மாறு: கூட்டல் முதலில், கழித்தல் கடைசியில்.

பிறகு, காற்று உள்ளே போகும் வாய், ஆல்டர்னேட்டர், பியூஸ் பெட்டி, டிஸ்டிரிபியூட்டர் ஆகியவற்றைப் பிளாஸ்டிக் பையால் மூடி ரப்பர் வளையம் போடுங்கள். எலிக்கூடு இருந்தால் உலர்ந்த நிலையில் கூட்டாதீர்கள். எலியின் சிறுநீர் வழியே லெப்டோஸ்பைரோசிஸ் நோய் பரவும். கையுறையும் முகக்கவசமும் அணிந்து, கிருமிநாசினி தெளித்து நனைத்த பின் அள்ளுங்கள்.

செய்முறை

1. சருகுகளைக் கையால் எடுத்துவிட்டு, மெல்லிய தூரிகையால் புழுதியைத் தட்டுங்கள்.

2. டிகிரீசர் எனப்படும் எண்ணெய் நீக்கியைப் பிசுக்குள்ள இடத்தில் மட்டும் தெளித்து, புட்டியில் குறித்த நேரம் ஊறவிடுங்கள். காய விடாதீர்கள். பெல்ட்டின்மேல் படக்கூடாது, பட்டால் வழுக்கும். பெட்ரோல், மண்ணெண்ணெய் ஆகியவற்றை அறவே தவிர்த்துவிடுங்கள்.

3. பழைய பல்துலக்கியால் தேய்த்து, நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்தெடுங்கள். நம் வீட்டு வேலைக்கு இதுவே போதும். கழுவியே ஆக வேண்டுமென்றால், தோட்டக் குழாய் நீரை மெல்லிய தூறலாகச் சிறிது நேரம் மட்டும் விடுங்கள்.

4. பேட்டரி முனையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், ஒரு கோப்பை நீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடாவைக் கரைத்துத் தேயுங்கள். அமிலத்தை அது முறித்துவிடும். கரைசல் பேட்டரிக்குள் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

5. பைகளை அகற்றி, உலர்ந்த துணியால் ஒற்றி, போனெட்டைத் திறந்தபடி ஓரிரு மணி நேரம் வெயிலில் விடுங்கள். நன்கு காய்ந்த பிறகே பேட்டரியை மாட்டி, எஞ்சினைப் பத்து நிமிடம் ஓட விடுங்கள்.

எண்ணெய் கலந்த நீரைக் கால்வாயில் விடாதீர்கள். அது போய்ச் சேருமிடம் நம் ஆறு. அடியில் பழைய துணியை விரித்து ஏந்திக்கொள்ளுங்கள். ஹைப்ரிட் காரோ மின்சாரக் காரோ வைத்திருப்போர், ஆரஞ்சு நிறக் கம்பிகளைத் தொடவே வேண்டாம். அவற்றில் ஓடுவது உயிரைப் பறிக்கும் உயர் மின்னழுத்தம்.

கடந்த ஆண்டு, பாட்டி வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன் இதே முறையில் கஞ்சிலைத் துடைத்து வைத்தேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், ரேடியேட்டர் குழாயின் அடியில் பச்சையாக ஒரு புதுக் கறை. குழாயில் வெடிப்பு. அழுக்கோடு இருந்திருந்தால் தெரிந்திருக்காது. நெடுஞ்சாலையில் எஞ்சின் கொதித்து, குடும்பத்தோடு நடுவழியில் நின்றிருப்போம். அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்தார். "பரவால்லையே, கண்டுபிடிச்சிட்டியே" என்றார்.

பட்டறிவு என்ற சொல்லைத் தேர்வுக்காக மனனம் செய்தவன் நான். பட்டுத்தான் அறிய வேண்டியதாயிற்று. நீங்கள் படாமலேயே அறிந்துகொள்ளுங்கள், நண்பர்களே. இந்த வாரயிறுதியில் ஊருக்குப் போனால், தண்ணீர்க் குழாயைத் தேடாமல் ஒரு பழைய துணியோடு போனெட்டைத் திறந்து பாருங்கள்.