உங்களுக்குத் தெரியுமா? கம்ப்யூட்டரும் சுண்ணாம்புத் தூசியும்

அரியலூர் மண்ணுக்கடியில் இருப்பது கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலில் படிந்த சுண்ணாம்புக்கல். அதை நம்பித்தான் சிமென்ட் ஆலைகள் வந்தன. சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பும் தூசி கம்ப்யூட்டரையும் விடுவதில்லை. ஃபேனுக்கும் ஹீட்சிங்க்கின் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவே கம்பளிபோல் படிந்து காற்றை மறிக்கும். பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோளம் அடிக்கும் பருவத்திலும் இதே கதைதான்.

பிராசஸரை அதற்குக் குறித்த வேகத்துக்கு மேல் ஓடவிட்டவர்களுக்கு, அதாவது ஓவர்கிளாக் செய்தவர்களுக்கு, இன்னொரு கணக்கும் உண்டு. பிராசஸர் இழுக்கும் மின்சாரம் வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். வேகத்தைத் தொடாமல் வோல்டேஜை மட்டும் 10 சதவீதம் கூட்டினாலே வெப்பம் ஏறக்குறைய 21 சதவீதம் கூடிவிடும். மே மாதத்தில் அறையே 38 டிகிரி என்றால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பிராசஸர் ஏர் கூலரும் சிப்பை அதற்குக் கீழே இறக்காது. பல இன்டெல் சிப்கள் 100 டிகிரியைத் தொட்டதும் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஓவர்கிளாக் செய்ததே வீண்!

புது கூலருக்குக் காசைக் கொட்டும் முன், கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு புளோயரால் ஊதுங்கள். ஃபேன் இறக்கையை மட்டும் சுழலவிடாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக வையுங்கள். அப்போதும் சூடு இறங்காவிட்டால், பயாஸில் வோல்டேஜையும் வேகத்தையும் ஒரு படி குறைத்துவிடுங்கள்.