கணினிக்கு மறதி வந்தால்...

இரவு பகலாக எழுதிய பாடம் கண்ணெதிரே காணாமற் போனால் பிள்ளையின் முகம் எப்படி இருக்கும்? சிம்பாங் அம்பாட்டில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கும் ஆறாம் படிவ மாணவி ஒருத்தி, அப்படி ஒரு முகத்தோடுதான் ஒரு நாள் என்னிடம் வந்து நின்றாள்.

தாயார் செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்ப்பவர். வீட்டில் இருப்பது பழைய கணினி. மெதுவாக ஓடுகிறதே என்று புக்கிட் மெர்தாஜாமில் ஒரு கடையில் புது ரேம் அட்டைகள் இரண்டு வாங்கிப் போட்டார்கள். அன்று பிடித்தது சனியன்! எழுதிக்கொண்டிருக்கும்போதே திரை நீலமாகும். கணினி தானே அணைந்து தானே எழும்பும். நேற்றுத் திறந்த கோப்பு இன்று திறக்காது.

"கடைக்காரர் விண்டோஸை அழித்துவிட்டுத் திரும்பப் போடச் சொன்னார் அண்ணே. போட்டோம். மறுபடியும் அதே கதைதான்" என்றாள்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ரேமில் கோளாறு இருக்கும்போது விண்டோஸைப் புதிதாகப் போட்டால், அதுவும் அந்தக் கோளாறான ரேம் வழியாகவே உள்ளே போகிறது. நல்லதும் கெட்டுப்போகும். குடும்பப் படங்களைப் பிரதி எடுத்தாலும் இதே ஆபத்து உண்டு. ஆகவே சந்தேகம் வந்தவுடன் முதல் வேலை, முக்கியமான எதையும் அந்தக் கணினியில் எழுதாமல் இருப்பது.

ரேம் என்பது என்ன? 8 ஜிகாபைட் அட்டை ஒன்றில் சுமார் 6,870 கோடி நுண்ணறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் துளியளவு மின்சாரத்தைப் பிடித்து வைக்கும் மங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் பால் மங்கைப்போல் அல்லாமல் இந்த மங்குகள் ஒழுகும். ஆகவே கணினி நொடிக்குப் பதினைந்து தடவைக்கு மேல் ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்து நிரப்பிக்கொண்டே இருக்கிறது. ஒரு மங்கு அளவுக்கு மீறி ஒழுகினாலும் அதில் இருந்த எழுத்து மாறிவிடும்.

இந்தத் தொழில் பினாங்குக்குப் புதியதல்ல. 1972-இல் இன்டெல் நிறுவனம் தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையைப் பினாங்கில்தான் திறந்தது. கம்பங்களிலிருந்தும் தோட்டங்களிலிருந்தும் இளம்பெண்கள் பேருந்து ஏறிப் பாயான் லெப்பாஸ் போய், நுண்பெருக்கியில் கண்ணை வைத்துச் சில்லுகளில் மெல்லிய கம்பி இணைத்தார்கள். இப்போது சிம்பாங் அம்பாட்டுக்கு அருகிலேயே, பத்து காவானில், நினைவகப் பொருள் செய்யும் மைக்ரோன் தொழிற்சாலை நிற்கிறது. நம் அக்காமார்களின் கண்ணொளி கரைந்த தொழில் இது. இதைப் பற்றித் தெரிந்துகொள்ள நாம் ஏன் கூச்சப்பட வேண்டும்?

செய்தவர்களையே இந்த மறதி திகைக்க வைத்ததுண்டு. 1970-களின் பிற்பகுதியில் இன்டெல் நினைவகச் சில்லுகளில் காரணமின்றி எழுத்து மாறியது. சோதித்தால் அறை நன்றாகவே இருக்கும்! டிமத்தி மே, மர்ரே வுட்ஸ் என்ற இருவர் 1978-இல் காரணத்தைச் சொன்னார்கள். சில்லை மூடிய உறைப் பொருளில் மிகச் சொற்பமாக யுரேனியமும் தோரியமும் கலந்திருந்தன. அவற்றிலிருந்து பாய்ந்த ஆல்பா துகள்களே எழுத்தை மாற்றின. இது ஒருமுறை வந்து போகும் பிழை. அறை பழுதானால் வருவது வேறு வகை. அது திரும்பத் திரும்ப அதே இடத்தில் வரும். 2009-இல் கூகள் நிறுவனத்தின் கணினிகளை ஆராய்ந்தவர்கள், நினைவகப் பிழைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது வகையே என்று கண்டார்கள்.

இந்த வித்தியாசம் தெரிந்தால் கடையில் பேச வாய் வரும்.

அன்று மாலை நாங்கள் முதலில் மின்கம்பியைப் பிடுங்கினோம். கணினிப் பெட்டியின் இரும்பைத் தொட்டுவிட்டு (உடம்பில் தேங்கிய மின்சாரம் ரேமுக்கு ஆகாது) அட்டைகளைக் கழற்றினோம். உள்ளே தூசி, செத்த எறும்பு, பல்லி முட்டை! பொன்னிறப் பற்களைப் பென்சில் அழிப்பானால் மெதுவாகத் துடைத்து, துகளை ஊதி, 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்திப் பொருத்தினோம். பல கணினிகள் இதிலேயே குணமாகிவிடும். இது ஆகவில்லை.

பிறகு பயாஸில் எக்ஸ்.எம்.பி. என்ற வேகக் கூட்டலை நிறுத்தினோம். சாதாரண வேகத்தில் பிழை வராமல், கூட்டினால் மட்டும் வந்தால் குற்றம் ரேமுடையதா தாய்ப்பலகையுடையதா என்று உடனே தீர்ப்புச் சொல்ல முடியாது. வேறொரு கணினியில் போட்டுப் பார்க்க வேண்டும். எங்களுக்கோ சாதாரண வேகத்திலும் திரை நீலமானது. பென்டிரைவில் மெம்டெஸ்ட்86 என்ற இலவசச் சோதனையை ஏற்றி, ஓர் அட்டையை மட்டும் வைத்து இரவு முழுக்க ஓடவிட்டோம். காலையில் பிழை ஏதும் இல்லை. மறுநாள் இரவு அதே இடத்தில் மற்ற அட்டையை வைத்தோம். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே முகவரியில் சிவப்புக் கோடு. பொருத்தும் இடத்தை மாற்றியும் அதே முகவரி. இனிச் சந்தேகமென்ன?

திரையைக் கைப்பேசியில் படம் பிடித்து, ரசீதோடும் பெட்டியோடும் தாயும் மகளும் கடைக்குப் போனார்கள். ஒட்டுத்தாளைக் கிழிக்கவேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தேன்.

"ஒரே ஒரு பிழைதானே, பரவாயில்லை" என்றாராம் தவுக்கே.

"ஒரு பிழை இல்லை தவுக்கே, ஒவ்வொரு சுற்றிலும் அதே இடம்" என்று பெண் படத்தை நீட்டினாள்.

"பாதிப் பணம் தரட்டுமா?" என்றார் அவர். தாயார் தலையசைக்கப் போனார், மகள் விடவில்லை. விடாதது நல்லது. செயற்கை அறிவுக் கணினிக் கூடங்கள் நினைவகத்தை அள்ளிக்கொண்டதால் 2025-இன் பிற்பாதியில் அதன் விலை கடுமையாக ஏறியது. இப்படி விலை ஏறும் காலத்தில் பழைய விலையைத் திரும்பப் பெற்றால்கூட அதே பொருளை வாங்க முடியாது. மாற்றுப் பொருள் கேட்பதே லாபம். சோடியாக விற்ற அட்டைகளைச் சோடியாகவே கொடுத்து மாற்ற வேண்டும்.

'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று பலகை தொங்கினாலும் 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தை அது தள்ளிவைக்காது. பழுது பெரிதென்றால் பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணமோ மாற்றோ கேட்கலாம். ஆனால் நியாயமான காலத்துக்குள் கேட்க வேண்டும். ஆறு மாதம் அட்டையைப் போட்டு ஓட்டிவிட்டுப் போய் நிற்பது நமக்கே பாதகம். கடைக்காரர் கைவிரித்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 வெள்ளிவரை கோரலாம், பதிவுக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் வேண்டியதில்லை. எழுதத் தயக்கமென்றால் பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம்.

அவ்வளவு தூரம் போகவில்லை. தவுக்கே தம் கடைக் கணினியில் அட்டையைப் போட்டார். அரை மணியில் அதே சிவப்புக் கோடு. சிறிது நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தவர், உள்ளே போய் வேறொரு சோடி எடுத்து வந்தார். "இதையும் சோதித்துக் கொடுங்கள்" என்று பெண் கேட்க, இருவரும் கடையிலேயே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்து வாங்கி வந்தார்கள். அன்று இரவே அவள் ஆய்வுக் கட்டுரையை முதல் பக்கத்திலிருந்து மறுபடி தட்டத் தொடங்கினாள்.