மன இறுக்கத்துக்கு மரநிழல் மருந்து!
லால்பாக்கில் நடப்பவர்கள் கவனிக்க மறக்கும் விஷயம்

காலை 6 மணிக்கே லால்பாக் பூங்காவின் வாசல்களில் கூட்டம் தொடங்கிவிடுகிறது. கான்வாஸ் ஷூ அணிந்த ஓய்வு பெற்ற அதிகாரிகள், காதைச் சுற்றி மப்ளர் கட்டிய முதியவர்கள், சேலைக்கு மேல் ஸ்வெட்டர் போட்ட பெண்கள்... பலர் டாக்டர் சொல்லி வந்தவர்கள். ஒருவருக்குச் சர்க்கரை, இன்னொருவருக்கு ரத்தக் கொதிப்பு, மற்றொருவருக்குத் தூக்கம் இல்லை.

கையை வீசி வேகமாக நடக்கிறார்கள். நடந்துகொண்டே மனை விலை பேசுகிறார்கள். மருமகள் கதை பேசுகிறார்கள். சிலர் செல்போனில் அலுவலகத்தையே அதட்டுகிறார்கள்!

உடம்புக்கு இந்த நடை நல்லதுதான். மனதுக்கு?

எச்சிலில் தெரிந்த உண்மை

கவலையும் பரபரப்பும் அதிகமானால் உடம்பில் 'கார்ட்டிசால்' என்ற சுரப்பு கூடுகிறது. சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியின் வேலை இது. ஆபத்து வந்தால் ஓடவும் எதிர்க்கவும் உடம்பைத் தயார் செய்வது இதுவே. ஆனால் நாள் முழுவதும் கூடியே இருந்தால் தூக்கம் கெடும். ரத்த அழுத்தம் ஏறும்.

அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் நகரவாசிகள் 36 பேரை 8 வாரங்கள் சோதித்து, 2019-ம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். வாரம் மூன்று முறை, 10 நிமிடமாவது, மரம் செடி உள்ள இடத்தில் இருக்க வேண்டும். போகுமுன்னும் வந்த பின்னும் எச்சிலைச் சோதித்தார்கள். 20 முதல் 30 நிமிடம் இருந்தபோதுதான் கார்ட்டிசால் மிக வேகமாக இறங்கியது.

அவர்கள் போட்ட நிபந்தனைகள் வேடிக்கையானவை. செல்போன் கூடாது. அரட்டை கூடாது. படிக்கக் கூடாது. கடுமையான உடற்பயிற்சியும் கூடாது! உட்காரலாம், மெல்ல நடக்கலாம். லால்பாக்கில் காலையில் நடப்பதற்கு ஏறக்குறைய நேர் எதிர்.

இதற்குக் காரணம் புரியாததல்ல. சில்க் போர்டு சந்திப்பைக் கடப்பவர் ஒரு நொடி கண் அசந்தாலும் ஆபத்து. ஹாரன், சிக்னல், குறுக்கே வரும் ஸ்கூட்டர் எல்லாம் கவனத்தைப் பிடுங்குகின்றன. இலை அசைவதும் அணில் ஓடுவதும் அப்படி அல்ல. பார்த்தாலும் சரி, பாராவிட்டாலும் சரி. களைத்த மூளைக்கு அதுவே ஓய்வு.

ஜன்னலுக்கு வெளியே

மரத்தடிக்குப் போக முடியாத நோயாளிக்கும் மரம் உதவியிருக்கிறது. ரோஜர் உல்ரிச் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர், பென்சில்வேனியாவில் ஓர் ஆஸ்பத்திரியில் பித்தப்பை ஆபரேஷன் செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளைப் பார்த்தார். பாதிப் பேரின் ஜன்னலில் மரங்கள் தெரிந்தன. மீதிப் பேருக்கு வெறும் செங்கல் சுவர். மரத்தைப் பார்த்தவர்கள் ஏறக்குறைய முக்கால் நாள் முன்னதாகவே வீடு திரும்பினார்கள். கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. 1984-ல் வெளியான ஆராய்ச்சி இது.

ஜப்பானில் 1982-ல் வனத்துறையே 'காட்டுக் குளியல்' என்று பெயரிட்டு மக்களைக் காட்டுக்கு அழைத்தது. குளிப்பது தண்ணீரில் அல்ல, காட்டுக் காற்றில்!

ஹைதர் அலி போட்ட தோட்டம்

பெங்களூர்க்காரர்கள் ஜப்பான் போக வேண்டியதில்லை. 1760-ல் ஹைதர் அலி தொடங்கி, மகன் திப்பு சுல்தான் வளர்த்த தோட்டம் இன்று 240 ஏக்கரில் நிற்கிறது. உள்ளே இருக்கும் பாறைக்கு வயது ஏறத்தாழ 300 கோடி ஆண்டுகள். கெம்பேகவுடா கோபுரம் நிற்கும் அந்தப் பாறையில் விடியும் வேளையில் சும்மா உட்கார்ந்திருக்கக் காசு செலவில்லை.

ஒற்றை அறை வீட்டில் நாலைந்து பேர் வசிக்கும் குடும்பங்களுக்கு இப்படிப்பட்ட இடங்களை விட்டால் வேறு முற்றம் ஏது? ஆனால் இந்த ஊர் அவற்றை இழந்துகொண்டே வந்திருக்கிறது. சம்பங்கி ஏரி, கண்டீரவா ஸ்டேடியம் ஆயிற்று. தர்மாம்புதி ஏரி இருந்த இடத்தில் இன்று மெஜஸ்டிக் பஸ் நிலையம். அல்சூர் ஏரி தப்பியது. 18 ஆண்டுகள் மூடிக் கிடந்து 2009 ஆகஸ்டு 9-ந் தேதி திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலையும் அந்த ஏரிக்கரையில்தான் இருக்கிறது. சிலையைப் பார்த்துவிட்டு உடனே பஸ் பிடிக்காமல், தண்ணீரையும் அரை மணி நேரம் பார்க்கலாம்.

வாரத்துக்கு எவ்வளவு நேரம் வேண்டும்? இங்கிலாந்தில் சுமார் 20 ஆயிரம் பேரின் விவரங்களைத் திரட்டிப் பார்த்ததில், வாரம் 120 நிமிடமாவது இயற்கைச் சூழலில் கழித்தவர்களே தங்கள் உடலும் மனமும் நன்றாக இருப்பதாக அதிகம் கூறினார்கள். ஒரே தடவையிலோ, பிரித்தோ போகலாம்; வேறுபாடு இல்லை. ஷிப்ட் வேலை பார்ப்பவர்களுக்கு இது நல்ல செய்தி.

பூங்காவை நம்பி யாரும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. அது டாக்டர் முடிவு செய்ய வேண்டியது. லால்பாக் போக நினைப்பவர்கள் ஜனவரி, ஆகஸ்டு மலர்க் கண்காட்சி நாட்களைத் தவிர்ப்பது நல்லது. அந்தக் கூட்டத்தில் பூவைப் பார்க்கலாம், அமைதி கிடைக்காது. வார நாள் காலைதான் ஏற்ற நேரம். செல்போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம்.